உள்ளேயிருந்து விழுந்த அடி

பழைய கார் தேறுமா என்று பார்த்துச் சொல்லப் போன இடத்தில் இதுவரை இரண்டு பேர் என்மேல் கை வைத்திருக்கிறார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொருவன் கார்க் கதவை என் விரல்மேல் ஓங்கிச் சாத்தினான். அந்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. இருவரும் விற்க வந்தவர்கள் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, வாங்க வந்தவர்கள். விற்கிறவனுக்குத் தன் வண்டியின் லட்சணம் தெரியும். குட்டு உடைந்தால் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்விடுவான். வாங்குகிறவனுக்குத்தான் பொறுக்காது. மனசுக்குள் அவன் எப்போதோ அந்த வண்டியை வாங்கி, பெயின்ட் அடித்து, பக்கத்தில் மனைவியை உட்காரவைத்து ஓட்டியும் பார்த்துவிட்டான். நான் வந்து தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நான் தலையாட்ட மாட்டேன். வருஷக்கணக்காக வெல்டிங் பட்டறை நடத்தியவள். அந்த வெளிச்சத்தில் கண் பாதி கெட்டுப்போனது. காதும் விரலும் நன்றாக இருக்கின்றன. பழைய வண்டிக்கு அவை போதும். துணி சுற்றிய ஒரு காந்தம், கைக்கு அடக்கமான ஒரு சுத்தியல், ஒரு டார்ச் லைட். நல்ல தகடு என்றால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். துரு தின்ற இடத்தில் பட்டி பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் பொத்தென்று கீழே விழும். விழுந்ததும் விற்கிறவன் வானத்தைப் பார்ப்பான்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் படுவதை அப்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவேன். தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஓதும் வேலை கிடையாது. இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால், காசு வாங்கிக்கொண்டு மாற்றிச் சொன்னாள் என்று பேச்சு வரும். அதனால் கண்ணில் பட்டது நேராக வாய்க்கு வந்துவிடும், நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டில் ரத்தம் சிந்தியது இந்த வாயால்தான்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். வீட்டில் பெரியவன், சின்னவன் என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பெரியவன் பஸ் டிரைவர், கனத்த உடம்பு, அப்பாவின் வீட்டிலேயே மனைவியோடு இருந்தான். சின்னவன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். ஒல்லிதான், ஆனால் கயிறும் கழியும் இழுத்து முறுக்கேறிய கைகள். ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தான். அப்பா செத்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவருடைய கார், பல வருஷமாக ஓடாமல் நின்றது. அதைப் பழையபடி ஓடவைத்து அப்பாவின் ஞாபகமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பெரியவனின் ஆசை. அதை நசுக்கி இரும்பாக்க வேண்டும் என்பது சின்னவனின் ஆசை. ஏன் என்று கேட்டால் சின்னவன் சொல்ல மாட்டான், பெரியவன் கேட்கவும் மாட்டான். கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். நான் பார்த்துத் தேறும் என்றால் வண்டி பெரியவனுக்கு. தேறாது என்றால் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்கு. நான் எந்த வண்டியையும் லேசில் தேறும் என்று சொல்லாதவள் என்று சின்னவன் விசாரித்து வைத்திருந்தான். அந்தத் தைரியத்தில் இரும்புக் கடை லாரியையே வரவழைத்துத் தெருமுனையில் நிறுத்தியிருந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டிலேயே மறித்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம். அது குப்பைன்னு சொல்லிடுங்க."

"பாத்துட்டுத்தான் சொல்வேன்."

"பாக்காமலே சொல்லிடுங்கக்கா. உள்ள வரவே வேணாம். உங்களுக்கு என்ன வேணுமோ நான் தர்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன வேணுமோன்னா? என்னை யாருன்னு நெனச்சிட்டிருக்க? வழிய விடு."

விட்டான். அவன் முகத்தை அப்போது சரியாகப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் அவன் என் நேர்மைக்கு விலை பேசியதை மட்டும்தான்.

கொட்டகையில் பெரியவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றான். தார்ப்பாயை அவன் உருவியதும் எனக்கு மூச்சே ஒரு கணம் நின்றது. அழுக்கு இல்லை, தூசி இல்லை. கரும்பச்சை நிறம், அந்தக் காலத்துப் பெயின்ட் அப்படியே இருந்தது. ஏமாறக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காந்தத்தை எடுத்தேன். கதவுகள், சக்கரத்துக்கு மேலே வளைவுகள், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை. இந்தப் பட்டையில்தான் முதலில் துரு பிடிக்கும். பத்து வண்டியில் ஒன்பது வண்டியின் கதை இங்கேயே முடிந்துவிடும். இதில் காந்தத்தைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

"பட்டி இல்ல. துரு இல்ல. கதவு இடுக்கெல்லாம் ஒரே அளவா இருக்கு, எங்கயும் மோதின வண்டி இல்ல," என்றேன்.

பெரியவனின் முகம் விரிந்தது. சின்னவன் கொட்டகைக்குள் வரவில்லை. வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான்.

தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் தகடு காய்ந்து சுத்தமாக இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, அடியில் படுத்துச் சுத்தியலால் ஒவ்வோர் இடமாகத் தட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்றது. எத்தனையோ வருஷமாகக் கேட்காத சத்தம். வண்டியை இறக்கிவிட்டு, இன்ஜினில் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஸ்பேனரைப் போட்டு மெதுவாக இழுத்தேன். நின்றுபோன இன்ஜின் பெரும்பாலும் இறுகிப் பிடித்திருக்கும். இது வெண்ணெயாகச் சுற்றியது.

"இன்ஜின் பிடிக்கல. யாரோ அப்பப்போ கையால சுத்தி வச்சிருக்காங்க."

"அப்பாதான்," என்றான் பெரியவன். "சாகறதுக்கு முந்தின மாசம் வரைக்கும் சுத்தினார். லீவு நாள்ல இந்தக் கொட்டகைய விட்டு வெளிய வரவே மாட்டார். ஒரு பொட்டுத் தூசி இருந்தா தாங்காது அவருக்கு."

"உங்கப்பா மாதிரி நாலு பேர் இருந்தா எனக்குப் பிழைப்பே நடக்காது," என்றேன். "என்ன ஒழுங்கான மனுஷன்!"

இதை உரக்கத்தான் சொன்னேன். வாசலில் நின்றவனுக்கும் கேட்கட்டும் என்றேதான் சொன்னேன், கேட்டில் என்னை விலைக்குக் கேட்டதற்குப் பதிலாக. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மிச்சம் இருந்தது டிக்கி. பெரியவன் அப்பாவின் சாவிக்கொத்தை நீட்டினான். திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, ஓரத்து ரப்பரை அழுத்திப் பார்த்தேன். "ரப்பர் மெத்துன்னு இருக்கு. மூடினா தூசிகூடப் போகாது. ஸ்டெப்னி போல்ட் போட்டு இறுக்கியிருக்கு, ஆடல." டார்ச்சை மூடியின் உட்பக்கம் திருப்பினேன். வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

"மூடி மட்டும் அடி வாங்கியிருக்கு. வெளிய தெரியாது, தட்டிச் சமம் பண்ணியிருக்காங்க, நல்ல கை. ஆனா அடி வெளியிலேருந்து விழல. உள்ளேருந்து விழுந்திருக்கு. இந்த முட்டுச் சட்டம் வெளிப்பக்கமா வளஞ்சிருக்கு பாருங்க. பூட்டைச் சுத்திப் பெயின்ட் சுரண்டியிருக்கு. கோடு கோடா, நகத்தால சுரண்டின மாதிரி. என்னங்க, உங்கப்பா ஆட்டைக் கட்டி இதுல ஏத்திட்டுப் போவாரா?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஆடு இல்லக்கா," என்றான் சின்னவன் வாசலிலிருந்து. "நான்."

டார்ச் என் கையில் அப்படியே நின்றது. அந்தக் கோடுகளின் அகலத்தை மறுபடி பார்த்தேன். பெரிய ஆளின் விரல் இல்லை. சற்று முன் அந்த ஒழுங்கான மனுஷனை நான் புகழ்ந்த புகழ் காதுக்குள்ளேயே நின்றது.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான் பெரியவன். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அக்கா, இவன் சின்ன வயசுலேருந்து இந்தக் கதைய விட்டுட்டிருக்கான். ஊரெல்லாம் சொல்லி அப்பா மானத்த வாங்கினான். ஸ்டெப்னி உருண்டு இடிச்சிருக்கும், அவ்வளவுதான்."

"போல்ட் போட்ட ஸ்டெப்னி உருளாது," என்றேன். சும்மா இருந்திருக்கலாம். இரும்பைப் பற்றி ஒருவன் பொய் சொன்னால் எனக்குப் பொறுக்காது. "உருண்டாலும் நகம் முளைக்காது."

"நீ வண்டியப் பாக்க வந்தியா, குடும்பத்தப் பாக்க வந்தியா?" மரியாதை போய்விட்டது.

சின்னவன் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் கால் வைத்தான். "ஒரே ஒரு தடவ சொல்லு, அண்ணா. நடந்துச்சுன்னு சொல்லு. வண்டிய நீயே வச்சுக்கோ. நான் லாரிய அனுப்பிடறேன்."

பெரியவன் புறங்கையை வீசி அவன் வாயில் அடித்தான். அடித்த விதத்தில் ஒரு வீட்டுப் பழக்கம் தெரிந்தது. கை தானாகப் போன அடி அது. சின்னவனின் உதடு பிளந்தது. அவன் ரத்தத்தை வழித்துப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்து அண்ணனின் மூக்கில் முட்டினான். பச்சை மட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. புதுச் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவந்துபோனது.

அதற்குப் பிறகு கண்மண் தெரியாத அடி. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு பெயின்ட் டப்பாக்களின் மேல் விழுந்தார்கள். பெரியவன் எடையால் தம்பியைத் தரையில் அழுத்தி, காதைப் பிடித்துத் தலையைச் சிமெண்டில் மோதினான். சின்னவன் அவன் முன்னங்கையைக் கடித்தான். விட்டபோது பல்லில் தோல் இருந்தது. நான் பெரியவனின் காலரைப் பிடித்து இழுத்தேன். பின்னால் வீசிய முழங்கை என் வாயில் பட்டு, கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போனது. எனக்கும் கோபம் தலைக்கேறிச் சுத்தியலால் அவன் தோளில் ஒன்று போட்டேன். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். முதல் வீச்சு தம்பியின் தோள்பட்டையில் விழுந்தது. இரண்டாவது குறி தவறிப் பின் கண்ணாடியை நொறுக்கியது. அப்பாவின் கண்ணாடி உடைந்ததும் பெரியவன் ஒரு நொடி திகைத்து நின்றான்.

அந்த ஒரு நொடி சின்னவனுக்குப் போதுமாக இருந்தது. நெஞ்சில் ஒரே தள்ளு. பெரியவன் பின்பக்கமாகச் சாய்ந்து, திறந்து கிடந்த டிக்கிக்குள் உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். சின்னவன் அவன் இரண்டு காலையும் மடக்கி உள்ளே திணித்து, மூடியை அறைந்து சாத்தி, சாவியை உருவிக்கொண்டான்.

எல்லாம் அமைதியானது. பிறகு உள்ளேயிருந்து உதை விழ ஆரம்பித்தது.

"தொற!" பெரியவனின் குரல் ஆழத்திலிருந்து வருவது போலக் கேட்டது. "தொறடா! மூச்சு முட்டுது!"

நான் சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்தேன். "சாவியக் குடு. உச்சி வெயில், தகரக் கொட்டகை, அந்த ரப்பர்ல காத்தே போகாது. ஆளு செத்துருவான்." உதறினான், நான் சுவரில் போய் விழுந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மூடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, உதை விழும் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் அதை வாங்கிக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து பெரியவனின் மனைவி ஓடிவந்தார். ரத்தத்தையும் உடைந்த கண்ணாடியையும் பார்த்தார். டிக்கிக்குள்ளிருந்து வந்த குரல் யாருடையது என்று புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, அவருக்கு இழுப்பு இருக்கு தம்பி. தொறந்துடுங்க. உங்க கால்ல விழறேன்."

"ஒரு வார்த்தை சொல்லட்டும் அண்ணி. தொறந்துடறேன்." சின்னவன் மூடிக்கு அருகே வாயைக் கொண்டுபோனான். கத்தவில்லை. "யாரு பூட்டினா?"

"அப்பா! அப்பாதான்! போதுமா? தொற!"

"அப்பா என்னை உள்ள போடுவார். அது எனக்குத் தெரியும். பூட்டி, சாவிய யார் கையில குடுத்துட்டுப் போவார்?"

உதை நின்றது. உள்ளே பெரியவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி ஓர் ஒலி. அவன் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என் கையில," என்றான் பெரியவன்.

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். நாற்பது வருஷத்தில் முப்பதையாவது இந்த இரண்டு வார்த்தைக்காக அவன் காத்திருந்திருப்பான். ஆனால் அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை. வலிதான் கூடியது.

"எதுக்குக் குடுப்பார்?"

"நீ அழறத நிறுத்தினா தொறக்கச் சொல்லி." பெரியவன் இருமினான். "அழறவரைக்கும் தொறக்கக் கூடாது. தொறந்தா என்னையும் உன்கூடப் போட்டுடுவேன்னு சொன்னார். எனக்குப் பயம்டா. எனக்கும் சின்ன வயசுதானடா."

"நான்தான் நிறுத்தினேனே!" இப்போது சின்னவன் கத்தினான். முஷ்டியால் மூடியை ஓங்கி ஓங்கி அடித்தான்; விரல் முட்டிகள் கிழிந்து கரும்பச்சைப் பெயின்ட்மேல் ரத்தம் தெறித்தது. "ஒவ்வொரு தடவையும் நிறுத்தினேனே! வாயில துணிய வச்சுக்கிட்டு நிறுத்தினேன்! ஏன் தொறக்கல? இருட்டினதுக்கு அப்புறம் அப்பா வந்துதானே தொறந்தார்! நீ ஏன் தொறக்கல? சொல்லு! ஏன் தொறக்கல?"

மறுபடி மூடியை அடித்தான்.

"சொல்லுடா!"

உள்ளே உதை இல்லை, இருமல் இல்லை. அந்த விசில் மூச்சுகூட இல்லை. கொட்டகைக் கூரையில் வெயிலுக்குத் தகரம் விரியும் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டது.

"அண்ணா," என்றான் சின்னவன். குரல் சட்டென்று மாறிவிட்டது. "அண்ணா?"

மூடியில் காதை வைத்தான். சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோனான். சாவி பூட்டைச் சுற்றிப் பெயின்டைக் கீறியதே தவிர உள்ளே போகவில்லை. பின்னால் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு திரும்பி ஓடினான். நான் கூப்பிடக் கூப்பிட, சாவியைக் கையில் இறுகப் பிடித்தபடி, கேட்டை இடித்துக்கொண்டு தெருவில் ஓடிவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வேன். அவன்மேல் பாதி, உள்ளே கிடந்தவன்மேல் பாதி. அது போதாமல், படத்தில்கூட நான் பார்த்திராத அந்தச் செத்த மனுஷன்மேல் மலையளவு. பின் சீட்டு வழியாகப் போகலாமா என்று யோசித்தேன். அதற்குப் பின்னால் முழுத் தகடு, முடியாது. ஜாக்கிக் கம்பியின் தட்டையான முனையைப் பூட்டுக்குப் பக்கத்தில் மூடி இடுக்கில் செருகினேன். கொட்டகை மூலையில் ஒரு சம்மட்டி கிடந்தது. தூக்கி அடித்தேன்.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததிலேயே நல்ல வண்டி அது. அதன் முதுகை என் கையாலேயே உடைத்தேன். முதல் அடியில் கம்பி உள்ளே இறங்கியது. அடுத்ததில் தகடு கிழிந்தது. பெரியவனின் மனைவி கம்பியைத் தொங்கிப் பிடித்து நெம்ப, நான் பூட்டின்மேலேயே அடித்தேன். பூட்டு தெறித்து மூடி மேலே எழும்பிய பிறகும் நான் இரண்டு மூன்று அடி அடித்தேனாம். "போதும்க்கா, தொறந்துடுச்சு," என்று அவர் என் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேனாம். எனக்கு அது ஞாபகம் இல்லை.

பெரியவன் உள்ளே குறுகிக் கிடந்தான். முகம் நீலம் பாய்ந்திருந்தது, மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. வாயில் தன் சட்டை நுனியைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான். கண் திறந்தே இருந்தது. உயிர் இருந்தது. இரண்டு பேரும் அக்குளில் கை கொடுத்து இழுத்துத் தரையில் சாய்த்தோம். மனைவி வீட்டுக்குள் ஓடிப் போய் இழுப்புக்கான மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து வாயில் வைத்து அழுத்தினார். நாலைந்து இழுப்புக்குப் பிறகு மூச்சு ஒரு வழிக்கு வந்தது.

"செத்துட்டீங்களோன்னு நெனச்சிட்டேன்," என்றேன். "ஏன் சத்தமே இல்ல? ஒரு உதை உதைச்சிருக்கலாம்ல?"

அவன் வாயிலிருந்து ஈரத் துணியை எடுத்தான். "சத்தத்த நிறுத்தினா தொறப்பான்னு நெனச்சேன்," என்றான்.

அவன் மனைவி அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு பூட்டிய அறை இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேட் கிரீச்சிட்டது. சின்னவன் திரும்பி வந்திருந்தான். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு எங்கேயோ போயிருந்தது. தரையில் சாய்ந்திருந்த அண்ணனைக் கொட்டகை வாசலிலிருந்தே பார்த்தான்; அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். ஏறி இறங்கியது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"செத்துட்டேன்னு ஓடிட்டியா?" என்றான் பெரியவன்.

சின்னவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

"நானும் அதுக்குத்தான்டா ஓடினேன்." பெரியவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினான். "நீ அழறவரைக்கும் சாவியக் கையில வச்சுக்கிட்டு இங்கயேதான் நின்னுட்டிருப்பேன். நகர மாட்டேன். நீ நிறுத்தின உடனே... உள்ள என்ன கெடக்கும்னு பாக்கப் பயந்துட்டு ஓடிடுவேன். ஒவ்வொரு தடவையும். இருட்டற வரைக்கும் வீட்டுக்கே வர மாட்டேன்."

சின்னவன் அழுதான். வாயில் துணி வைக்காமல், தெருவுக்கே கேட்கும்படி அழுதான். அழுதபடியே கைக்குக் கிடைத்த பெயின்ட் டப்பாவை எடுத்து அண்ணன்மேல் எறிந்தான். அது தோளில் பட்டு உருண்டது. பெரியவன் விலகவில்லை. இன்னொன்றையும் எறிந்தான். அதற்கும் விலகவில்லை. மூன்றாவதைத் தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

தெருவில் ஹாரன் அடித்தது. முனையில் நின்று நின்று சலித்துப்போன லாரிக்காரர் வண்டியைக் கேட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். எட்டிப் பார்த்தவர், எங்கள் மூன்று பேர் முகத்திலும் ரத்தத்தைப் பார்த்துப் பாதி இறங்கிய காலை மறுபடி மேலே எடுத்தார்.

"ஏத்தறதா, வேணாமா? எதாவது ஒண்ணு சொல்லுங்கப்பா."

பெரியவன் என்னைப் பார்த்தான். சின்னவனும் பார்த்தான். ஒப்பந்தம் அப்படி. அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் அந்தக் கொட்டகையில் அதுவரை புழங்கிய பொய்யே போதும் என்று தோன்றியது.

"நல்ல வண்டி," என்றேன். ஆடிய பல்லின் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "கண்ணாடி மாத்தி, மூடிய மாத்தினா ஓடும். தேறாதுன்னு என்னால சொல்ல முடியாது. ஒப்பந்தப்படி வண்டி பெரியவருக்கு."

சின்னவனின் முகம் தோற்றுப்போனவன் முகமாக இல்லை. எழுந்து, ஒரு காலில் செருப்போடு வெளியே போகத் திரும்பினான்.

"எனக்குத்தானே?" என்றான் பெரியவன். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். லாரிக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டான். "அப்ப நான் சொல்றேன். ஏத்துங்க."

சின்னவன் நின்றான்.

லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து, சங்கிலி மாட்டி, காரைச் சாய்வுப் பலகைமேல் இழுத்தார்கள். இத்தனை வருஷம் நின்ற டயர்கள் முனகிக்கொண்டே உருண்டன. அண்ணனும் தம்பியும் கொட்டகையின் இரண்டு ஓரத்தில் நின்று பார்த்தார்கள். பக்கத்தில் போகவில்லை, ஒருவரை ஒருவர் தொடவில்லை. பெரியவனின் மனைவி மட்டும் நடுவில் நின்றுகொண்டு, உடைந்த கண்ணாடியைப் பெருக்கத் துடைப்பத்தைத் தேடினார்.

மேலே ஏறியதும் லாரிக்காரர் டிக்கி மூடியை அழுத்திப் பார்த்தார். அது எழும்பி எழும்பி வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு பெரியவனிடம் கேட்டார்.

"பூட்டு போயிடுச்சு, மூட மாட்டேங்குது. போற வழியில ஆடும். கயிறு போட்டுக் கட்டிடட்டுமா?"

"வேணாம்," என்றான் பெரியவன்.

"வேணாம்," என்றான் சின்னவன்.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. லாரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டிச் சீட்டுக்குக் கீழே போட்டார். மூடி திறந்தபடியே வண்டி தெருமுனை திரும்பியது.